பூட்டுக்குச் சான்றிதழ் உண்டு, செய்தவருக்கு?

2019 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டத்துக்கு இரண்டு புவிசார் குறியீடுகள் வந்து சேர்ந்தன. ஒன்று பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு, மற்றொன்று திண்டுக்கல் பூட்டுக்கு. பூட்டுக்காக விண்ணப்பித்தது 1957-இல் தொடங்கிய பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். இந்த வட்டாரத்தில் செய்யப்படும் பூட்டுக்கு மட்டுமே இனி இந்தப் பெயர் என்று அரசு முத்திரை குத்திக் கொடுத்தது. ஊருக்கு மகிழ்ச்சி, பத்திரிகைகளில் படம், தலைவர்களின் வாழ்த்து.

அந்தப் பூட்டைச் செய்பவரிடம் போய், உங்களிடம் என்ன சான்றிதழ் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ரேஷன் கார்டு இருக்கும், ஆதார் இருக்கும். பாதியில் நின்ற பள்ளிக்கூடத்தின் டி.சி. பரணில் எங்காவது கிடக்கலாம். முப்பது வருடம் அரம் பிடித்த கைக்கு ‘இவருக்கு இந்த வேலை தெரியும்’ என்று யாரும் ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. பொருளுக்குச் சான்றிதழ் கொடுத்த அரசு, பொருளைச் செய்தவரிடம் இன்னமும் மார்க் ஷீட்டைத்தான் கேட்கிறது.

எப்படிக் கேட்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கான திட்ட மதிப்பு 10 லட்ச ரூபாயைத் தாண்டினால் விண்ணப்பிப்பவர் எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். பட்டறையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஒரு பவர் பிரஸ், ஒரு பாலிஷ் மெஷின் போட்டு, உத்தரப் பிரதேசத்து அலிகார் பூட்டோடு போட்டியிடலாம் என்று நினைக்கும் மூத்த தொழிலாளி இந்த இடத்தில் நின்றுவிடுவார். எட்டாம் வகுப்பில் அவருக்குப் பூட்டைப் பற்றி என்ன சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று யாரும் விளக்கியதாகத் தெரியவில்லை.

பட்டறை என்றதும் பெரிய ஷெட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். நாகல் நகர், நல்லாம்பட்டி பக்கங்களில் வீட்டை ஒட்டிய ஓர் அறைதான் பட்டறை. ஒரு வைஸ், நாலைந்து அரங்கள், சுத்தியல், ரிவிட் அடிக்க ஒரு பட்டடைக்கல். தகடு வெட்டுவதிலிருந்து சாவி ராவுவது வரை எல்லாம் கைவேலை. லீவர் பூட்டின் வயிற்றுக்குள் மெல்லிய தகடுகள் அடுக்கி இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் அதற்குரிய லீவரைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். மயிரிழை குறைந்தாலும் தாழ் நகராது, கூடினாலும் நகராது. ஒரு பூட்டின் சாவி அடுத்த பூட்டைத் திறந்துவிட்டால் செய்தவரின் பெயர் கெட்டுவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் வேறு வெட்டு. வகைகளும் ஐம்பதைத் தாண்டும்: மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு, அலமாரிப் பூட்டு, ஷட்டர் பூட்டு. சாவியைத் திருப்பினால் மணி அடித்து வீட்டுக்காரரை எழுப்புவது ஒன்று. சாவி கையில் இருந்தும் சூட்சுமம் தெரியாதவரால் திறக்க முடியாத டிரிக் பூட்டு இன்னொன்று.

இப்போது அரசு ஐ.டி.ஐ.க்குப் போவோம். பிட்டர் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. ஆரம்ப மாதங்களில் மாணவர் கையில் கொடுப்பது அரம். இரும்புத் துண்டைச் சமமாக ராவ வேண்டும், மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் வெளிச்சம் தெரியக் கூடாது. நல்ல பயிற்சி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு வருடம் ராவிய பையனுக்குத் தேசியத் தொழிற் சான்றிதழ் உண்டு. முப்பது வருடம் ராவியவருக்கு எதுவும் இல்லை. வேடசந்தூர் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தால், ‘ஐ.டி.ஐ. பிட்டர்’ என்ற இரண்டு சொற்களில் பின்னவர் தள்ளப்பட்டுவிடுகிறார். அவரைத் தள்ளியவருக்கு அரம் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. பட்டம், பட்டயம் இவற்றின் மீது நம் சமூகத்துக்கு மோகம் என்று ஒரே போடாகப் போட்டுவிடுவது சுலபம். மோகம் எல்லா இடத்திலும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கூட்டுறவுச் சங்கம் தொடங்கிய அதே 1957-இல்தான் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஹோட்டலைத் திறந்தார். அவர் கட்டியிருந்த தலைப்பாகையே பின்னாளில் கடையின் பெயராகி, சீரகச் சம்பா பிரியாணியோடு கடல் கடந்தும் போனது. அன்றிலிருந்து இன்று வரை இந்த ஊரில் பிரியாணி மாஸ்டரிடம் யாராவது கேட்டரிங் டிப்ளமா கேட்டதுண்டா? தட்டு மேசைக்கு வந்த ஐந்தாவது நிமிடம் தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்புச் சொல்பவர் சாப்பிடுகிறவர். அவருக்கு நாக்கு இருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் நாளைக்கு வேறு கடை. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகையை எடை போட்டு ஏலம் விடுபவரிடமும், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் மூட்டையைத் தொட்டே தரம் சொல்பவரிடமும் யாரும் கல்வித் தகுதி கேட்பதில்லை.

வேலையைப் பார்த்து எடைபோடத் தெரிந்தவர் எதிரே இருக்கும்வரை காகிதத்துக்கு வேலையே இல்லை. பார்க்கத் தெரியாதவர், அல்லது பார்க்க நேரமில்லாதவர், அல்லது நாளைக்குத் தவறு நடந்தால் தன் தலை உருளக் கூடாது என்று நினைப்பவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் காகிதம் உள்ளே வருகிறது. ‘தகுதியுள்ளவரைத்தான் எடுத்தேன், இதோ சான்றிதழ்’ என்று பைலைக் காட்டிவிடலாம் அல்லவா? பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். படிப்பு ஒருவருடைய வேலைத்திறனைத் துளியும் கூட்டாவிட்டாலும்கூட, ‘நான் திறமைசாலி’ என்று முதலாளிக்குக் காட்டும் அடையாளமாக அதற்கு விலை இருக்கும் என்றார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அது முதலாளி எப்படிச் சிந்திக்கிறார் என்பதற்கான விளக்கம். திண்டுக்கல்காரர் எதற்காகப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்புகிறார் என்பதற்கு அது போதாது.

‘இது என்னோட போகட்டும்’

பூட்டுப் பட்டறையிலும், சின்னாளபட்டித் தறி வீட்டிலும், பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் ஷாப்பிலும் தகப்பன்மார் சொல்லும் ஒரே வாசகம் இது. பீஸ் ரேட் கூலி ஒரு காரணம். அலிகாரிலிருந்து வரும் மெஷின் பூட்டு விலை குறைவு. கைப்பூட்டுக்கு ஆர்டர் தேய்ந்துபோனது. ஆனால் கூலி மட்டுமே காரணம் என்றால் கூலி கூடியதும் பிள்ளைகள் திரும்பி வர வேண்டும். வரமாட்டார்கள். காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது.

1953-இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. மீதி நேரம் பிள்ளை, பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் தி.மு.க.வும் கொதித்தெழுந்தார்கள், அந்தப் பெயர்தான் நிலைத்தது. 1954-இல் ராஜாஜி போய் காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர், ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து, மதிய உணவும் போட்டு, அடுத்த தலைமுறை முழுவதும் சான்றிதழ் வாங்க வழி செய்தார். அவருடைய ஆட்சித் திறமையை எந்த மார்க் ஷீட்டிலும் தேடியிருக்க முடியாது. ஆனால் அவர் திறந்துவிட்ட பள்ளிக்கூடத்தில் மார்க் ஷீட்டுக்குத்தான் மதிப்பு. ஏன் என்றால் அது அப்பன் யார் என்று கேட்பதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிட்டுப் பட்டப் பித்தைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் மூன்று தலைமுறையாகப் பட்டம் உள்ள வீட்டுக்காரர்கள். திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. என்று தடித்த எழுத்தில் போடுவதும், காதுகுத்து பிளெக்ஸில் தாய்மாமன் பெயருக்குக் கீழே பட்டத்தை அடிப்பதும் பார்க்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு காலத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் என்ன ஒட்டிக்கொண்டிருந்தது என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். சாதிப் பெயர் இருந்த இடத்தில்தான் பட்டம் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிடு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

அதனால்தான் 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு கொண்டுவந்த பிரதமரின் விஸ்வகர்மா திட்டம் தமிழ்நாட்டில் சிக்கிக்கொண்டது. பதினெட்டுத் தொழில்களை எடுத்துக்கொண்ட அந்தத் திட்டத்தில் பூட்டுத் தொழிலும் உண்டு. சான்றிதழ், அடையாள அட்டை, சில நாள் பயிற்சி, நாளுக்கு 500 ரூபாய் உதவித்தொகை, கருவி வாங்க 15,000 ரூபாய், குறைந்த வட்டிக் கடன். மேலோட்டமாகப் பார்த்தால் பூட்டுத் தொழிலாளி காத்திருந்ததே இதற்காகத்தான். ஆனால் குடும்பத் தொழிலாகச் செய்பவர் என்பது நிபந்தனை, வயது 18 ஆனால் போதும். கல்லூரிக்குப் போக வேண்டிய பிள்ளையை அப்பன் பட்டறைக்கு இழுக்கும் ஏற்பாடு இது என்று மாநில அரசு மறுத்தது. பதிலுக்கு, சாதி, குடும்பத் தொழில் நிபந்தனை எதுவுமின்றி, 35 வயது கடந்தவர்களுக்கு மட்டும் என்று கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் குன்றத்தூரில் தொடங்கியது.

அரசியல் கணக்குகள் இரு பக்கமும் உண்டு. என்றாலும் 18-க்கும் 35-க்கும் உள்ள இடைவெளி அற்பமானதில்லை. பிள்ளைக்குப் படிப்பு, பெரியவருக்கு அங்கீகாரம் என்று இரண்டையும் பிரித்து வைத்தது சரியான முடிவு என்பது என் எண்ணம். கைத்தொழிலைப் போற்றுகிறேன் பேர்வழி என்று பிள்ளையை மறுபடி அங்கே கட்டிப்போடக் கூடாது.

காந்திகிராமம் செய்துபார்த்தது

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டியை ஒட்டி, பட்டத்துக்கு மாற்று உண்டா என்ற கேள்வியோடு ஒரு நிறுவனமே இருபது வருடம் மல்லுக்கட்டியது. அந்தக் கதை இந்த மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது.

டாக்டர் சௌந்திரம் டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904-இல் பிறந்தவர், சிறுவயதில் திருமணம், இளம் வயதிலேயே கணவரை இழந்தார். அன்றைய வழக்கப்படி ஒரு மூலையில் முடங்கியிருக்க வேண்டியவர், டெல்லி லேடி ஹார்டிங்கே கல்லூரியில் மருத்துவம் படித்து 1936-இல் பட்டம் பெற்றார். பிறகு காந்தியின் சீடர் ஜி. ராமச்சந்திரனை மணந்துகொண்டார். இருவரும் 1947 அக்டோபரில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பட்டம் ஒரு பெண்ணுக்கு என்ன செய்யும் என்பதற்கு அவரே சாட்சி. பின்னாளில் ஆத்தூர், வேடசந்தூர் தொகுதிகளின் சட்டமன்ற உறுப்பினர், 1962-இல் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினர், ஒன்றியக் கல்வித் துறைத் துணை அமைச்சர்.

அப்படிப்பட்டவர் கட்டிய கல்விக்கூடம், பட்டம் கொடுப்பதற்காகத் தொடங்கப்படவில்லை என்பதுதான் சுவாரசியம். காந்தியின் ஆதாரக் கல்வி 1937 வார்தா மாநாட்டில் உருவான சிந்தனை: கையால் ஒரு தொழிலைச் செய்தபடியே கணக்கும் அறிவியலும் வரலாறும் கற்பது. அதை உயர்கல்விக்குக் கொண்டுபோகும் முயற்சியாக 1956-இல் நாட்டின் பல இடங்களில் கிராமியக் கல்வி நிலையங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமத்தில் ஒன்று, கோவை பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஒன்று. அங்கே கொடுத்தது பி.ஏ. இல்லை, மூன்றாண்டு கிராமப் பணிப் பட்டயம். மாணவர்கள் கிராமங்களில் தங்கி வேலை செய்ய வேண்டும். சுகாதாரம், கூட்டுறவு, விவசாயம், கணக்கு எல்லாம் வகுப்பறைக்கு வெளியேதான் முழுமை பெறும். நகரத்துக் கல்லூரியைப் பார்த்து நகல் எடுக்காத படிப்பு. நகரத்து வேலைக்காகத் தயாரிக்காத படிப்பு.

படிப்பில் குறையில்லை. படித்து வெளியே வந்தவருக்குத்தான் தலைவலி. அது பட்டப்படிப்புக்குச் சமம் என்று ஒன்றிய அரசு ஒப்புக்கொண்டாலும், மேலே படிக்கப் போனால் பல்கலைக்கழகங்கள் தயங்கின. வேலைக்குப் போனால் இது என்ன படிப்பு என்று கேட்டார்கள். கிராமத்தில் வாழ்ந்து கற்றவர், கிராம வளர்ச்சி வேலைக்கே தன்னை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. நாட்டில் அப்படித் தொடங்கிய நிலையங்களில் பல, வழக்கமான கல்லூரிகளாக மாறின அல்லது மங்கிப்போயின. காந்திகிராமம் 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அதன் பிறகு பட்டம் கொடுக்கிறது, பிஎச்.டி. கொடுக்கிறது, மற்ற பல்கலைக்கழகங்களோடு தரவரிசைப் பட்டியலில் நிற்கிறது. கிராமத்தில் தங்கிப் பணிசெய்யும் பயிற்சி இன்றும் அங்கே உண்டு. அந்த மண்ணின் குணம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் உலகத்தின் அளவுகோலை மாற்றலாம் என்று கிளம்பிய நிறுவனம், கடைசியில் அந்த அளவுகோலைத் தானும் கையில் எடுத்துக்கொண்டால்தான் தன் மாணவர்களைக் காப்பாற்ற முடியும் என்ற இடத்துக்கு வந்தது. இதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். நிறுவனம் தன் கொள்கைக்காக மாணவரின் வயிற்றில் அடிக்காமல் இருந்ததே பெரிது.

கோவை ஜி.டி. நாயுடுவும் இதே சுவரில்தான் முட்டினார். பள்ளிப் படிப்பை மிக இளம் வயதிலேயே உதறியவர், 1920-இல் பொள்ளாச்சிக்கும் நம் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை ஓட்டியவர். 1945-இல் கோவையில் பொறியியல் கல்வி நிறுவனம் அமையக் காரணமாக இருந்து, அதற்கு முதல்வராகவும் பொறுப்பேற்றார். நான்கு வருடம் எதற்கு, இரண்டு வருடத்தில் கற்றுக்கொடுக்கலாம் என்று வாதாடினார். அரசு ஒப்பவில்லை. நாயுடு விலகிவிட்டார். நான்கு வருடம் அப்படியே இருக்கிறது.

காந்திகிராமம் பல்கலைக்கழகமான அதே 1976-இல் லண்டனில் ஒரு புத்தகம் வெளிவந்தது. ரொனால்டு டோர் என்ற சமூகவியலாளர், இங்கிலாந்து, ஜப்பான், கென்யா, இலங்கை நான்கையும் ஒப்பிட்டு, பட்டய மோகத்துக்கு நோய் என்றே பெயரிட்டு எழுதினார். அவர் காட்டும் உதாரணம் எளிமையானது. ஒரு பஸ் கம்பெனி கண்டக்டருக்கு நடுநிலைப் பள்ளித் தேர்ச்சி கேட்கிறது. அதைவிட மேலே படித்தவர்கள் வேலை கிடைக்காமல் அந்த வரிசைக்கு வந்து நிற்கிறார்கள். கம்பெனி அவர்களை எடுத்துக்கொள்கிறது. கொஞ்ச நாளில் அதுவே குறைந்தபட்சத் தகுதியாகிவிடுகிறது. டிக்கெட் கிழிக்கும் வேலையில் ஒரு மாற்றமும் இல்லை.

இலங்கை அந்தப் பட்டியலில் இருந்ததற்குக் காரணம் உண்டு. 1971-இல் ஜே.வி.பி. கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பெரும் பகுதி, படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த சிங்கள இளைஞர்கள். அதே காலத்தில் வந்த பல்கலைக்கழகத் தரப்படுத்தலில், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டியதாயிற்று. ஒரு கல்லூரி இடம் ஒரு தலைமுறையின் கோபமாக மாறியதைத் தமிழர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

டோர் சொன்ன பஸ் கம்பெனி இன்று நம் தலைமைச் செயலகம் வரை வந்துவிட்டது. 2019-இல் சட்டமன்றச் செயலகத்தில் துப்புரவுப் பணிக்கு 14 இடங்கள். விண்ணப்பங்கள் 4,600. அவற்றில் பி.இ., எம்.பி.ஏ. படித்தவர்களும் உண்டு. பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்று டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வுக்கு 2024-இல் 6,244 இடங்கள் அறிவிக்கப்பட்டன. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். பின்னர் இடங்கள் கூட்டப்பட்டாலும் போட்டி கடுமையாகவே இருந்தது. திண்டுக்கல்லின் நூலகங்களில், கோச்சிங் சென்டர்களில், பூங்கா பெஞ்சுகளில் பொது அறிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் பொறியாளர்கள் என்று கேட்டுப் பாருங்கள். 1984-இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது திண்டுக்கல்லும் முதல் வரிசையில் இருந்தது. இன்று மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். 2021-22 கணக்கின்படி உயர்கல்வி வயதினரில் நூற்றுக்கு 47 பேர் என்ற விகிதத்தில் தமிழ்நாட்டில் கல்லூரிச் சேர்க்கை, இந்தியாவில் 28.4. பெருமைப்பட வேண்டிய எண்தான். எல்லோரிடமும் பட்டம் இருக்கும் ஊரில் பட்டம் யாரையும் அடையாளம் காட்டாது என்பதும் அதே எண்ணின் மறுபக்கம். அடுத்து என்ன கேட்பார்கள்? எம்.இ. கேட்பார்கள். கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

குரூப் 4 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கேலிக்கு ஆளானாலும், அந்தத் தேர்வில் ஒரு நியாயம் இருக்கிறது. பிஎச்.டி.யும் பத்தாம் வகுப்பும் ஒரே அறையில் ஒரே தாளை எழுதுகிறார்கள். விடைத்தாள் பட்டத்தைப் பார்ப்பதில்லை. நம் தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அந்த அளவுக்குக்கூடச் சோதனை கிடையாது. பயோடேட்டாவின் முதல் பக்கத்திலேயே கதை முடிந்துவிடுகிறது.

அமெரிக்க வழக்கு ஒன்று

தகுதி என்ற பெயரில் ஆளைத் தள்ளுவது சட்டப்படி சரியா என்ற கேள்வியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1971-இல் விசாரித்தது. வட கரோலினாவில் டியூக் பவர் என்ற மின் நிறுவனம். அதன் அனல்மின் நிலையத்தில் கறுப்பினத் தொழிலாளர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைந்த கூலியுள்ள எடுபிடிப் பிரிவு மட்டும். மேல் பிரிவுக்கு மாற உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்றது கம்பெனி. அந்தச் சான்றிதழ் இல்லாமலே முன்பு சேர்ந்த வெள்ளையர்கள் அதே மேல் பிரிவுகளில் நன்றாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லி கிரிக்ஸும் தோழர்களும் வழக்குப் போட்டார்கள். வேலைக்குத் தொடர்பில்லாத தகுதியைக் கேட்டு, அதனால் ஓரினத்தார் வெளியே நிறுத்தப்பட்டால், நோக்கம் எதுவானாலும் அது பாகுபாடுதான் என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கேட்கிற தகுதிக்கும் செய்கிற வேலைக்கும் உள்ள தொடர்பை நிரூபிப்பது கேட்கிறவரின் கடமை என்றார்கள்.

நம் ஊரில் அந்தக் கடமை யாருக்கும் கிடையாது. கேட்கிறவர் கேட்பார், இல்லாதவர் வெளியே நிற்பார்.

ஆனால் நாமும் சில இடங்களில் புத்தியோடு நடந்திருக்கிறோம். லாரி, பஸ் ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி மத்திய மோட்டார் வாகன விதிகளில் நெடுங்காலம் இருந்தது. நான்குவழிச் சாலையில் காய்கறி லாரியை இரவெல்லாம் உருட்டுபவருக்கு ஸ்டியரிங், பிரேக், சாலை விதி, கண் பார்வை எல்லாம் வேண்டும். எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடம் வேண்டுமா? 2019-இல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். ஓட்டிக் காட்டும் தேர்வு அப்படியே இருக்கிறது. செய்ய வேண்டியதும் அதுதான்.

வயரிங் வேலைக்கு நம் மாநிலம் வைத்திருக்கும் ஏற்பாடு இன்னும் நல்லது. படிப்பு இல்லாமல் கூடவே இருந்து தொழில் கற்றவர்களுக்காக மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று ஒன்று உண்டு. 21 வயது, ஐந்து ஆண்டு அனுபவம், அரசு ஐ.டி.ஐ.யில் செய்து காட்ட வேண்டும். தேறினால் அரசுச் சான்றிதழ். ஐ.டி.ஐ. தேர்வையே அனுபவத்தை வைத்துத் தனித்தேர்வராக எழுதும் வழியும் இருக்கிறது. ஒன்றிய அரசும் முன்பே கற்ற திறனை அங்கீகரிக்கிறோம் என்று 2015 முதல் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. வழி இல்லை என்பதில்லை. இருப்பது தெரியாது, தெரிந்தாலும் அந்தச் சான்றிதழை மதித்து வேலை கொடுக்க ஆள் குறைவு.

மருத்துவத்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பரம்பரை வைத்தியர்கள், பதிவும் படிப்பும் இல்லாமல் வைத்தியம் பார்க்க அனுமதி கேட்டுக் கேரளத்திலிருந்து தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2018 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. சிறுமலை மூலிகையைப் பேர் சொல்லி அடையாளம் காட்டும் பெரியவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அந்த அறிவைப் பதிவு செய்யாமல் விடுவது நஷ்டம். ஆனாலும் தீர்ப்பு சரிதான். பிரியாணி சரியில்லை என்றால் கடையை மாற்றலாம். ஊசி தவறினால் ஆளே இருக்கமாட்டார். நோயாளியால் வைத்தியரைச் சோதிக்க முடியாது; ஆகவே வேறு யாராவது முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும். பாலம் கட்டுபவர், மின்மாற்றியில் ஏறுபவர், குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பவர் எல்லோருக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்ட இடங்களில் சான்றிதழைத் தளர்த்தச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மீதி இடங்களில்? நூற்பாலை பிட்டருக்கு, ஜவுளிக்கடை கணக்காளருக்கு, கம்ப்யூட்டரில் கோடு எழுதும் பிள்ளைக்கு, அச்சகத்தில் வடிவமைப்பவருக்கு ஒரு மணி நேரம் வேலை கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜோஹோ நிறுவனம் பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களைச் சேர்த்துத் தானே பயிற்சி கொடுத்து வேலையும் கொடுக்கிறது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் உட்கார்ந்து அதைச் செய்வது செய்தியாகிறது. செய்தியாகிறது என்பதே மற்றவர்கள் செய்யவில்லை என்பதற்கு அத்தாட்சி. அவர்களுக்குச் சோதித்துப் பார்க்கப் பணமில்லாமல் இல்லை. பல்கலைக்கழகம் இலவசமாக வடிகட்டிக் கொடுக்கும்போது எதற்குச் செலவு என்ற எண்ணம்தான். அந்த வடிகட்டலுக்கான செலவு உண்மையில் இலவசமில்லை. நிலத்தை விற்றும், நகையை அடகு வைத்தும், கல்விக் கடன் வாங்கியும் அதைக் கட்டியது ஒட்டன்சத்திரத்து விவசாயியும் சின்னாளபட்டி நெசவாளியும்.

திண்டுக்கல் அளவில் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அதற்கு டெல்லி வரை போக வேண்டியதில்லை. மின்கம்பியாளுக்கு இருப்பது போலப் பூட்டுத் தொழிலுக்கும் ஒரு செய்முறைத் தேர்வை மாவட்டத் தொழில் மையமும் அரசு ஐ.டி.ஐ.யும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்து நடத்தலாம். பரீட்சகராக எம்.இ. படித்தவரை உட்கார வைக்க வேண்டாம். மணிப் பூட்டு செய்யத் தெரிந்த மூத்த தொழிலாளி உட்காரட்டும். தேறியவரைப் பிட்டருக்குச் சமம் என்று அரசு அறிவிக்கட்டும். மாவட்டத்து ஆலை முதலாளிகள் தங்கள் விளம்பரத்தில் ‘ஐ.டி.ஐ.’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அல்லது செய்முறைத் தேர்வில் தேறியவர்’ என்று நாலு சொல் சேர்க்கட்டும். கடன் திட்டத்தில் எட்டாம் வகுப்புக்குப் பதில் இந்தச் சான்றிதழை ஏற்கும்படி மாநில அரசு ஒன்றியத்துக்கு எழுதட்டும். தாமதிக்க நேரமில்லை: மாங்காய்ப் பூட்டை முதல் தகட்டிலிருந்து கடைசி ரிவிட் வரை தனியாகச் செய்யத் தெரிந்தவர்கள் வயதானவர்கள், பட்டறைகளும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன.